ஒற்றை இலக்கக்காரர்கள் யாரோடு நடந்தீர்கள்? (2021 வைகாசி, மட்டக்களப்பு)

வாவிக்கரையான்:

நேற்று அலுமாரி ஒதுக்கும்போது பழைய துணி மாஸ்க் ஒன்று அகப்பட்டது. நீல நிறம், காதுப் பட்டி இழுபட்டுத் தொங்குகிறது. மனுசி குப்பையில் போடச் சொன்னாள், எனக்கு மனம் வரவில்லை. அதைப் பார்த்ததும் 2021 வைகாசி அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது, அதுதான் இந்த இழை.

கொரோனாப் பயணக்கட்டுப்பாட்டு விதி மறந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்கிறேன். அந்த மே 13ஆம் தேதியிலிருந்து சாமான் வாங்க வெளியே போவதானால் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்ப்பார்கள். ஒற்றை இலக்கக்காரர் ஒற்றைத் தேதியில், இரட்டைக்காரர் இரட்டைத் தேதியில், சைபர் இரட்டைக் கணக்கு. பழைய அட்டை வைத்திருந்தவர்களுக்கு வி எழுத்துக்கு முன்னால் நிற்கும் இலக்கம். 13 இரவு பதினொரு மணிக்கு நாடு முழுக்கப் பூட்டி 17 அதிகாலை நாலு மணிக்குத் திறந்தார்கள், 21 இரவு திரும்பவும் பூட்டினார்கள், மறுகா அது ஜூன் வரை நீண்டது எல்லாருக்கும் தெரியும். ஆக இடையில் எனக்குக் கிடைத்தது 17, 19, 21. திங்கள், புதன், வெள்ளி.

என் இலக்கம் 7. ஆறு வருடமாக என்னோடு விடியப்புறம் நடக்கிற கூட்டாளிக்கு 4. இரண்டு பேரும் ஒரே நாளில் வீதியில் கால் வைக்க முடியாது. போனில் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். நாங்கள் வழக்கமாகப் பிளேண்டி (பால் போடாத தேத்தண்ணி) குடிக்கிற கடை அப்போது கதவைப் பாதி இறக்கிவிட்டு, காகிதக் கோப்பையில் ஊற்றி வெளியே நீட்டும். நான் 17ஆம் தேதி என் காசோடு அவனுடைய 18ஆம் தேதிக் காசையும் கட்டிவிட்டு வருவேன், அவன் 18ஆம் தேதி என்னுடைய 19க்குக் கட்டுவான். கடைக்கார அண்ணன் எங்களுக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார், ஆனால் முகத்தில் காட்டவில்லை.

சரி, நடந்தது யாரோடு என்று கேட்டால், அதுதான் கதை. 17 விடிய ஐந்தரைக்கு அரசடியால் வெளிக்கிட்டுக் கோட்டைமுனைப் பக்கம் போகிறேன், பாலத்தடியில் பொலிஸ் மறித்து அட்டை பார்க்கிறது, எனக்கு முன்னால் வரிசையில் நிற்பவனின் பிடரி தெரிந்த பிடரி. 2010இல் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் விற்றவன். அது பெற்றோலைவிட ஒயில் கூடக் குடிக்கும். வாங்கி மூன்றாம் கிழமை களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் ஒன்றுக்குப் பக்கத்தில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது, அன்றைக்கு வெயிலில் உருட்டிக்கொண்டு வந்ததோடு அவனோடு கதையை நிறுத்தினேன். பதினொரு வருடம். ஒரே வகுப்பில் படித்தவன், கல்யாண வீட்டில் கண்டால் மற்றப் பந்தலுக்குப் போய்விடுவேன்.

பொலிஸ்காரர் எங்கள் இருவரின் கையிலும் இருந்த பன்பையை, அதுதான் பன்புல்லால் பின்னிய சாமான் பையை, பார்த்தார். “எந்தக் கடை தம்பி இந்த நேரத்தில் திறந்திருக்கு?” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன்தான், “வாவி மீன் சேர், ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போறம்” என்றான். அதற்குப் பிறகு எப்படித் தனியாக நடப்பது? இடைவெளி விட்டு, அவன் வீதியின் அந்தக் கரை, நான் இந்தக் கரை, புளியந்தீவுக்குள் நடந்தோம். பொய் சொன்னதற்காக மூன்று நாளும் மீன் வாங்கினோம் என்பது வேறு விசயம்.

வசந்தம் என்று புத்தகத்தில் படிப்பது நமக்கு ஒத்து வராது. நமக்குப் பங்குனி சித்திரை போய் வைகாசி என்றால் கச்சான் காற்று, பகல் பத்து மணிக்கே முகத்தில் அடுப்படி வெக்கை. ஆனால் அந்த விடியற்காலைகள் வேறு. கடைகள் திறக்காததால் படிகளைக் கூட்டுவார் இல்லை, வேப்பம்பூ ஒரு விரல் கனத்துக்குக் கிடந்தது. செருப்பு வைத்தால் சத்தமே இல்லை. ஒரு நகைக்கடை வாசலில் பூட்டுக்கு மேலேயே பூ குவிந்திருந்தது, எத்தனை நாள் அந்தப் பூட்டில் சாவி போடவில்லை என்று அதிலேயே தெரியும். ஒரு கொன்றை மதிலுக்கு வெளியே சரம் சரமாகத் தொங்க, பிடுங்கிக்கொண்டு ஓட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை.

கோட்டைக்கு முன்னால் நின்றோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. அப்போது கச்சேரி, அதுதான் மாவட்டச் செயலகம், அதற்குள்தான் இருந்தது, பிறப்புப் பத்திரம், காணிக் கடிதம் என்று எத்தனை தடவை அந்த வாசலால் வியர்த்துக்கொண்டு ஓடியிருப்பேன், சுவரின் தடிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வழியில்தான் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. அவர் 1814இல் இங்கே வந்து இறங்கி 1815 ஏப்ரலில் காலமானவர், வருகிற வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். “ஒரு வருசம் கூட இருக்கேல்ல, சிலை வச்சிட்டாங்க. நாங்க நாப்பது வருசமா இருக்கிறம், பைக் ஒண்டு கூட உருப்படியா ஓடேல்ல” என்றான் அவன். பைக் என்ற சொல்லை அவனாக எடுத்தது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனோம். நடுப்பாலத்தில் கைபிடியில் நாடியை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: “அது ஒயில் குடிக்கும் என்று தெரிஞ்சுதான்டா உனக்குத் தந்தன். அப்பாவுக்கு ஒப்பரேசன், காசு வேணும், வேற ஆரும் வாங்கமாட்டாங்க, நீதான் நம்புவாய்.” மாஸ்க் போட்ட முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கீழே தண்ணீரில் ஏதோ ஒரு முனகல் கேட்டது. எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள். மீன் பாடுது என்றேன். அவனும் ஓம் என்றான். வேறு என்ன சொல்வது.

உங்கள் ஒற்றை நாள், இரட்டை நாள் கதை இருந்தால் எழுதுங்கள்.

புளியந்தீவுப் பொடியன்:

அண்ணே, நல்லா இருக்கு. அந்தப் பழைய பாலம் பற்றி ஒரு வரி. கவர்னர் மானிங்கின் மனைவி பேரில் கட்டியது, ஒரு வாகனம் மட்டும் போகிற அகலம். இந்தக் கரை வாகனம் முழுக்க வந்து முடியும் வரை அந்தக் கரை காத்துக் கிடக்கும். புதுப்பாலம் 2013இல்தான். சின்ன வயதில் பஸ்ஸுக்குள் இருந்து பாலம் ஆடுகிறதைப் பார்த்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வேன். இப்போது நடக்கிற ஆட்களுக்கு விட்ட பிறகு அதே பாலத்தில் ஆட்டம் இல்லாதது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள்.

என் இலக்கம் 9. நானும் ஒற்றைதான், ஆனால் வீட்டில் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் ஒற்றை. இரட்டை நாளில் ஒரு இறாத்தல் பாண் வாங்க வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மாமிக்கு 2. அவவின் முற்றத்து மதிலால் பாண் வரும், ஒற்றை நாளில் நாங்கள் தேங்காய் கொடுப்போம். கூட்டாளி கிடைத்த கதை இல்லை, பாண் கிடைத்த கதை.

வெள்ளைச் சப்பாத்து:

கோபிக்க வேண்டாம், எனக்கு இந்த இழையை வாசிக்க ஒரு மாதிரி இருக்கிறது. நான் அப்போது ஆஸ்பத்திரியில் தாதி. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. நீங்கள் வேப்பம்பூவில் நடந்த அதே கிழமையில்தான் நாட்டில் ஒரு நாளைக்கு மூவாயிரத்துக்கு மேல் தொற்று என்று சொன்னார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் ஊராகப் போய் வந்ததன் விளைவு அது, அல்பா வகை, முதல் அலையைப் போல மெல்லப் பரவுகிற சாமான் இல்லை. நாங்கள் பாதுகாப்பு உடையைப் போட்டால் ஆறு மணித்தியாலம் தண்ணீர் குடிக்க முடியாது, கழற்றும்போது கையுறைக்குள் இருந்து வியர்வை ஒழுகும், விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடக்கும். அதோடு வீட்டுக்குப் போனால் வீதியில் இரண்டு இரண்டு பேராக நின்று கதைக்கிறவர்களைக் காண்பேன். சாமான் வாங்கத்தான் அனுமதி, உலாவ இல்லை. பன்பையை வைத்துப் பொலிசை ஏமாற்றினோம் என்று இப்போது ரசித்து எழுதுவது எனக்கு ரசிக்கவில்லை.

வாவிக்கரையான்:

தங்கச்சி, நீங்கள் சொல்வதற்கு மறுப்பு இல்லை. எனக்கு அப்போது ஊசியும் போடவில்லை, வீட்டில் எழுபது வயது அம்மா. பிழைதான். ஆனால் ஒன்று, அன்றைக்கு அவனைக் காணாவிட்டால் நான் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன், அது உண்மை. மாஸ்க்கைக் கழற்றவில்லை, இடைவெளியைக் கைவிடவில்லை, குடிக்கிறபோது இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். அதைச் சொல்லிப் பிழையைச் சரியாக்கவில்லை.

வெள்ளைச் சப்பாத்து:

முதுகைக் காட்டிக்கொண்டு பிளேண்டி குடித்தீர்களா? சரி, சிரித்துவிட்டேன். ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

பேரீச்சை நிழல்:

காத்தான்குடியிலிருந்து. உங்களுக்கு 13ஆம் தேதி இரவு பூட்டியது வெறும் பூட்டு, எங்களுக்கு அடுத்த நாள் நோன்புப் பெருநாள். பள்ளிக்குப் போகாமல் வீட்டு விறாந்தையில் வாப்பா இமாமாக நின்று தொழுவித்தார், பின்னால் நாங்கள் நாலு பேர். பெருநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு பிரதான வீதி வரைக்கும் போகப் பிள்ளைகள் அழுதார்கள். வீதி நடுவில் பேரீச்சை மரம் மட்டும் வரிசையாக நிற்கிறது, ஒரு மனிசர் இல்லை. கேட்டடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தோம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு நடை. ஆனி மாதம் உம்மும்மா கொரோனாவில் மவுத்தானா. 2021 பெப்ரவரி கடைசி வரை கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு அனுமதி வந்தும் அடக்குகிற இடம் நம்ம மாவட்டத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகர் என்று ஆனது, நாட்டின் எந்த மூலையில் மவுத்தானாலும் அப்போது ஜனாஸா அங்கேதான் வந்தது. வாப்பாவையும் பெரிய காக்காவையும்தான் போக விட்டார்கள். நான் வாகனத்துக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கை முனை வரைக்கும் நடந்தேன், அவ்வளவுதான், ஒரு நூறு அடி இருக்கும். பக்கத்தில் நடந்தது பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பொடியன், உம்மும்மாவிடம் சின்னதில் ஓடிவந்து கஞ்சி வாங்கிக் குடிக்கிறவன். ஒரு சொல் கதைக்கவில்லை. முனையில் நான் நின்றேன், அவனும் நின்றான். அவன் இலக்கம் என்ன என்று நான் கேட்கவும் இல்லை.

புளியந்தீவுப் பொடியன்:

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை காக்கா.

தேம்ஸ் ஓரம்:

நான் களுவாஞ்சிக்குடி, இப்போது லண்டன். எங்களுக்கு 2020 வசந்தத்தில் முதலில் ஒரு நாளைக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று விட்டார்கள், வீட்டு ஆட்களோடு மட்டும் அல்லது தனியாக. மே 13இலிருந்துதான் வேறு வீட்டு ஆள் ஒருவரைத் திறந்த வெளியில் சந்திக்கலாம், இரண்டு மீற்றர் தள்ளி. நம்ம ஊரிலும் அடுத்த வருடம் அதே மே 13ஆம் தேதி என்று இப்போதுதான் கவனிக்கிறேன். அந்த முதல் நாள் நான் சந்தித்ததும் நம்ம ஊர்ப் பொடியன் ஒருத்தனை. அங்கே உண்மையான வசந்தம், பூங்காவில் புல் முழங்கால் வரைக்கும் வளர்ந்து கிடக்கிறது, வெள்ளையும் சிவப்புமாகப் பூ, பறவைச் சத்தம் காதைப் பிளக்கிறது. அவன் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இதுக்குள்ள ஒரு வத்தகப்பழக் கடை இல்லையேடாப்பா.” இரண்டு மீற்றருக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டுச் சொன்னதால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்தாள்.

அத்தாங்கு:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க, ஆனா மீன் பாட்டு விசயத்தில் நான் விடமாட்டேன். வாவிக்கரையான் அண்ணன் 21ஆம் தேதி விடியக் கேட்டது மீன் இல்லை. பாலத்து இரும்பு முனகியிருக்கும், இல்லாட்டி உங்க ரெண்டு பேருக்கும் கேட்க வேண்டிய தேவை இருந்திருக்கும். நான் வாவிக்குள்ளயே பிறந்து வளர்ந்தவன், அம்மப்பாவுக்கும் அதுதான் தொழில். அவர் மீன் என்று சொல்லவே மாட்டார், ஊரி பாடுது என்றுதான் சொல்வார், அடியில் கிடக்கிற ஊரி, ஓட்டு நத்தை. ஆங்கிலேய காலத்தில், 1848இல் எமர்சன் டெனன்ட் என்கிற பெரிய உத்தியோகத்தர் இங்கே தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்தபோதும் ஊர்ச்சனம் அவரிடம் ஊரி என்றுதான் சொல்லியிருக்கிறது.

பாலத்தில் நின்று நாடியைக் கைபிடியில் வைத்தெல்லாம் கேட்கிற சாமான் இல்லை அண்ணே அது. நிலா நாள் வேண்டும். காற்று விழ வேண்டும். தோணியை நிப்பாட்டிப் போட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் இறக்கி மற்ற முனையைக் காதோடு வைக்க வேண்டும். அப்பவும் எல்லா நாளும் கேட்காது. மற்றக் காலத்தில் புதுப்பாலத்து வாகன இரைச்சல் தண்ணிக்கு அடியாலும் வரும், துடுப்பில் வைத்த காதுக்கு லொறி போகிறது அப்படியே கடகட என்று தெரியும்.

பயணக்கட்டுப்பாட்டில் எங்கள் பக்கம் வாவித் தொழிலுக்கு விட்டார்கள். ஆனால் மீன் விலைப்படவில்லை. கொழும்புக் கடலில் கப்பல் எரிந்தபிறகு சனம் மீன் என்றாலே பயந்தது, இந்தக் கரை வாவி, அந்தக் கரைக் கடல், நடுவில் முழு நாடு கிடக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்காது. பிடித்த இறாலை வீட்டிலேயே வறுத்து வறுத்துத் தின்று பிள்ளைகளுக்கு வெறுத்துப்போனது. அப்படிக் கிடக்கும்போது மே 26, வைகாசிப் பூரணை, வெசாக். அன்றைக்குச் சந்திர கிரகணமும் இருந்தது, நிலா எழும்பும்போதே ஏறக்குறைய முடிந்துவிட்டது. கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு உடுக்குச் சத்தம் கேட்கிற காலம் அது, எங்கள் ஊர்க் கோயிலில் அந்த வருடம் பூசை செய்கிற கப்புகனாரும் இன்னும் மூன்று நாலு பேரும் மட்டும் நின்று சடங்கை முடித்தார்கள். நான் தம்பியோடு தோணியில் போனேன். பாலத்துக்குக் கிட்ட வந்து துடுப்பை இறக்கினேன். ஒரு வாகனம் இல்லை. முதலில் ஒன்றும் இல்லை, தண்ணி மட்டும். மறுகா மெல்ல, வீணை நரம்பைச் சுருதி சேர்க்கிறபோது ஒரு இழுவை வருமே, அது. ஒன்று நிற்க அடுத்தது, அது கொஞ்சம் தடித்த குரல். தம்பி துடுப்பைப் பறித்துத் தன் காதில் வைத்தான், திருப்பித் தரவே இல்லை. சண்டை பிடித்துத் தோணி கவிழப் பார்த்தது.

வெள்ளைச் சப்பாத்து:

இதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்களை ஒரு நாள் கூட்டிப் போவீர்களா?

அத்தாங்கு:

வாங்கோ அக்கா. ஆனா இப்ப வாகனம் இருக்கு, லொறிப் பாட்டுத்தான் கேட்கும், முன்கூட்டியே சொல்லிப்போட்டன்.

கரைவாகு வயல்:

அம்பாறைப் பக்கத்தால் ஒரு சின்னச் சேர்க்கை. நீங்கள் எல்லாரும் 2021ஐச் சொல்கிறீர்கள், அக்கரைப்பற்று ஆட்களைக் கேட்டால் 2020 சித்திரையைச் சொல்வார்கள். நாட்டின் பல மாவட்டத்தில் பகலில் ஊரடங்கு தளர்த்தியபோதும் அந்தப் பொலிஸ் பிரிவை மட்டும் பிடித்து வைத்திருந்தார்கள். என் மச்சான் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அறுத்த வயல் வரம்பில் அவன் அந்த முனை, நான் இந்த முனை, நடுவில் கொக்கு மேய்கிறது, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தோம். அதுவும் நடைதானே.

நாலாம் நம்பர்:

இந்த இழையை எனக்கு ஆரோ அனுப்பினார்கள். வாவிக்கரையான் அவர்களே, அந்த இரட்டை இலக்கக் கூட்டாளி நான்தான். ஒயில்காரனோடு மூன்று நாள் ஊர் சுற்றியதை என்னிடம் மறைத்திருக்கிறாய். என்னிடம் போனில் “தனியத்தான் நடந்தன், விசர் வருது” என்றாய். நான் 18ம் 20ம் உண்மையாகவே தனிய நடந்தேன், காந்திப் பூங்காவில் காந்தியோடு இரண்டு நிமிடம் நின்றேன், அவர்தான் மாஸ்க் போடவில்லை.

அப்புறம் கணக்கு. 17ஆம் தேதி நீ கட்டினது எனக்கு 18. 18இல் நான் கட்டினது உனக்கு 19. 19இல் நீ, 20இல் நான். 21ஆம் தேதி நீ எனக்கு 22க்குக் கட்டினாயா இல்லையா? அன்று இரவே பூட்டிவிட்டார்கள்.

வாவிக்கரையான்:

கட்டினேன் மச்சான். கடைக்கார அண்ணன், “நாளைக்குத் திறக்கிறது சந்தேகம் தம்பி” என்றார், இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன். மறைத்ததற்கு மன்னித்துக்கொள். அவன் பெயரைச் சொன்னாலே நீ பைக் கதையைத் தொடங்குவாய், உருட்டிக்கொண்டு வந்த அன்று பின்னால் தள்ளினதே நீதானே.

புளியந்தீவுப் பொடியன்:

அந்த அண்ணன் இப்ப எங்கே?

வாவிக்கரையான்:

ஒயில்காரனா? 2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் கட்டாருக்குப் போய்விட்டான். போகிற அன்று வட்சப்பில் ஒரு படம் அனுப்பினான், ஏதோ ஒரு முற்றத்தில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள், மேலே பாவற்கொடி படர்ந்திருக்கிறது. எங்கே கண்டான், யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலாம் நம்பர்:

அப்ப கேள். ஜூன் 21 விடிய நாலு மணிக்குத் திறந்தார்கள். நான் 22ஆம் தேதி கடைக்குப் போனேன். காசை நீட்டினேன், அண்ணன் வாங்கவில்லை. “ஒற்றைக்காரர் போன மாதமே தந்திட்டார்” என்று சொல்லிக் கோப்பையை நீட்டினார். ஒரு மாதம் அந்த மனுசன் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். நான் உனக்கு 23க்குக் கட்டிவிட்டு வந்தேன். நீ குடித்தாயா?

வாவிக்கரையான்:

இல்லையடா. 23 இரவு திரும்பப் பூட்டப் போகிறார்கள் என்று அன்றைக்கு அரிசி, பருப்பு, அம்மாவின் மருந்து என்று ஓடித் திரிந்தேன். மறுகா போனபோது கடையே இல்லை. இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள்.